போணி அண்ணாச்சியின் கை

தென்காசி சன்னதித் தெரு முக்கில் இருக்கும் மூன்று மாடிக் கட்டடத்தில், போணி அண்ணாச்சி முதல் வியாபாரம் செய்யாமல் எந்தக் கடையும் திறந்தது கிடையாது. அவர் செய்த பிறகு எந்தக் கடையும் நிலைத்ததும் கிடையாது.

லாரி புக்கிங் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தன் கை ராசியான கை என்று அப்படியொரு நம்பிக்கை. தரைத்தளத்து இடது பக்கக் கடையில் கேசட் விற்க வந்தார்கள். முதல் கேசட்டை வாங்கியவர் அண்ணாச்சி. வீட்டில் டேப் ரிக்கார்டரே கிடையாது. அது மூடி எஸ்.டி.டி. பூத் வந்தது. விடிந்ததும் விடியாததுமாக வந்து செங்கோட்டை மச்சினனைக் கூப்பிட்டு, "ஒண்ணுமில்லடே, சும்மாத்தான். வச்சிருதேன்" என்றார். அடுத்து பிரவுசிங் சென்டர். கம்ப்யூட்டர் முன்னால் அரை மணி நேரம் கைகட்டி உட்கார்ந்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்று எழுந்து போனார். பிறகு பியூட்டி பார்லர். ஆண்களுக்கு அனுமதியில்லை என்றார்கள். விடுவாரா மனிதர்? தன் மனைவியை, எங்கள் மதினியை, அனுப்பிப் புருவம் திருத்த வைத்தார். மதினி மூன்று நாள் சோறு போட்டாரே தவிர, பேசவில்லை.

அத்தனையும் மூடியதற்குக் காலம்தான் காரணம். ஊர் வாய் சும்மா இருக்குமா? அவர் கை ஆகாத கை என்று சொல்லிவிட்டது.

அதே கடையைத்தான் நான் பிடித்தேன். குற்றாலம் சீசன் தொடக்கம். என் மனைவியின் நகை முழுக்கக் குடையாக மாறி வரிசையாகத் தொங்கியது.

"அந்த அண்ணாச்சிய மட்டும் கூப்பிட்டுராதிய" என்றாள். நான் நேரே போய் அவரைத்தான் முதலில் அழைத்தேன். இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் வீம்புக்காரன்.

திறப்பு நாளன்று அண்ணாச்சியைக் காணோம். குடை கேட்டு வந்தவர்களையெல்லாம், "இன்னும் போணி ஆகல, கொஞ்சம் பொறுங்க" என்று நிறுத்தினேன். வெளியே சாரல் பிடித்துக்கொண்டது. அருவிக்குப் போக வந்த கூட்டம், கடை நிறையக் குடை இருக்க, நனைந்துகொண்டே போனது. மனைவி என்னைப் பார்த்த பார்வையைப் பத்திரிகையில் எழுத முடியாது.

பத்து மணிக்குத்தான் பார்த்தேன். எதிர் டீக்கடை ஓரம், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நிற்கிறார். ரோட்டைத் தாண்டி ஓடினேன்.

"என்ன அண்ணாச்சி, இங்கன நிக்கிய?"

"வேற எவனாவது போணி பண்ணட்டும்னு நிக்கேன்டே. ரெண்டாவது ஆளா வாரேன். என் கை சரியில்லன்னு ஊரே சொல்லுது. பொய்யின்னு சொல்ல எனக்கே தைரியமில்ல. உன் பொண்டாட்டி நகைல்லா அது."

காலையிலிருந்து அவர் இன்னொருவன் வாங்கட்டும் என்று நின்றிருக்கிறார். நான் இன்னொருவனுக்கு விற்கமாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

"மூடுனா மூடட்டும் அண்ணாச்சி. உங்க கையால தொறந்து மூடட்டும். வாங்க."

இழுத்துக்கொண்டு வந்தேன். கறுப்புக் குடை ஒன்றை எடுத்தார். காசோடு கையை நீட்டினார். போணிக் காசைக் கண்ணில் ஒற்றிக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். நான் அந்தக் கையைப் பிடித்து ஒற்றிக்கொண்டேன்.