பறவை மேல் ஏறிய சடங்குப் பெண்

தாய்மாமன் ஆவதற்கு எந்தத் தகுதியும் தேவையில்லை. ஓர் அக்கா இருந்து, அவளுக்குப் பிள்ளை பிறந்தால் போதும். உழைக்காமல் கிடைத்த அந்தப் பதவியை நான் எப்படிக் காப்பாற்றினேன் என்று எங்கள் சொந்தத்தில் யாரைக் கேட்டாலும் முதலில் சிரித்துவிட்டுத்தான் சொல்வார்கள்.

அக்கா மகள் தாரணி பெரியவளானபோது நான் அனிமேஷன் கோர்ஸ் முடித்து வீட்டில் இருந்தேன் (வேலை தேடிக்கொண்டிருந்தேன் என்றும் சொல்லலாம், அப்பா அப்படிச் சொல்லமாட்டார்). நானும் தாரணியும் சேர்ந்து பார்க்காத ஜப்பான் கார்ட்டூன் படமே கிடையாது. அதிலெல்லாம் ஒரு சின்னப் பெண் தனியாகக் கிளம்பி, பேய் பூதங்களுக்கு நடுவே போய், தான் யாரென்று தெரிந்துகொண்டு திரும்புவாள். யாரும் அவளுக்குப் பட்டு கட்டி, மேடையில் உட்காரவைத்து, ரோட்டில் ஃப்ளெக்ஸ் வைப்பதில்லை.

எங்களில் அந்த ஃப்ளெக்ஸ் தாய்மாமன் பொறுப்பு. சடங்குக்குத் திருவரங்குளத்தில் மண்டபம் பிடித்திருந்தார்கள். தாரணி என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"மாமா, போர்டுல என் போட்டோ மட்டும் வேணாம். எங்க ஸ்கூல் பஸ் அந்த வழியாத்தான் போகும். எல்லாரும் பாத்தா நான் ஸ்கூலுக்கே போகமாட்டேன்."

அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னாள். எனக்குப் பாவமாக இருந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். எனக்குள் இருந்த கலைஞனும் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

நீல முடியும் முகத்தில் பாதிக்குக் கண்ணுமாக, பட்டுப்பாவாடை கட்டிய ஒரு பெண் ராட்சதப் பறவை மேல் ஏறி மேகத்துக்குள் பறக்கிறாள். பெயரும் போட்டேன், மேகத்துக்குள், மேகத்தின் நிறத்திலேயே (கலை என்றால் சட்டென்று புரியக்கூடாது).

விசேஷத்தன்று கட்டுமாவடியிலிருந்து பெரியப்பா குடும்பம் வேனில் வந்தது. எங்கள் போர்டைப் பார்த்ததும் பெரியப்பா, "இது ஏதோ சர்க்கஸ் போர்டுப்பா, அங்கிட்டு விடு" என்று டிரைவரை எதிர் மண்டபத்துக்குத் திருப்பிவிட்டார். அங்கேயும் சடங்குதான். போர்டில் பொட்டும் பூவுமாக ஒரு பிள்ளை லட்சணமாகச் சிரித்தது. எல்லோரும் மேடை ஏறி அதற்குச் சந்தனம் பூசி வாழ்த்தியிருக்கிறார்கள் (அந்த மேக்கப்புக்குள் எந்தப் பிள்ளை இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்?). பந்தியில் இரண்டாவது தடவை பாயசம் வாங்கிய பிறகுதான் பெரியம்மா, "ஏங்க, நம்ம ஆளுக ஒருத்தரையும் காணமே" என்றாராம்.

சிங்கப்பூரிலிருந்து இதற்காகவே லீவில் வந்திருந்த மச்சானுக்கு முகம் சிவந்துவிட்டது.

"மாப்ள, எம் மக போட்டோவப் போடச் சொன்னா, என்னத்தப் போட்டு வச்சிருக்க?"

"மச்சான், இது வந்து, சுயத்தைத் தேடிப் போற..."

"நாளைக்குக் காலையில அது அங்க இருக்கக்கூடாது."

மறுநாள் காலை ஏணியில் ஏறிக் கயிற்றை அறுத்துக்கொண்டிருந்தேன். தாரணியின் ஸ்கூல் பஸ் வந்து பக்கத்தில் நின்றது. ஜன்னலெல்லாம் தலைகள்.

"ஏய், அந்தப் பொண்ணு செமையா இருக்குல்ல? யாருடி அது?"

தாரணியின் மாமா என்று என்னை அடையாளம் கண்டு அவளைப் பிடித்துவிடக் கூடாதென்று நான் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டேன் (ஏணியில் நிற்பவன் செய்கிற காரியமா இது?). கடைசி ஜன்னலில் இருந்த தாரணி போர்டையே பார்த்தாள். பிறகு பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"மாமா, அறுக்காதீங்க. அது நான்தான்."

நான் அறுக்கவில்லை, விழுந்தேன். கால் எலும்பு முறிந்தது. போர்டு மட்டும் மழைக்காலம் வரை அங்கேயே பறந்துகொண்டிருந்தது.

இன்றும் எங்கள் வீட்டில் யாராவது கதவைத் தட்டி, உள்ளேயிருந்து யாரென்று கேட்டால், "அறுக்காதீங்க, அது நான்தான்" என்றுதான் பதில் வரும். சிங்கப்பூரிலிருந்து போன் போட்டு அதை அதிகமாகச் சொல்கிறவர் மச்சான்.