பத்துப் பக்க மௌனம்

"சரி, ஒத்துக்கிறேன். அந்த ரோஜாச் செடி தானா சாகல. தினமும் மிச்சக் காப்பியை நான்தான் அதுல ஊத்தினேன்."

சோபாவின் நுனியில் உட்கார்ந்து கணவர் இப்படித் தலையைக் குனிந்தபோது, அவளுக்கு அவர்மேல் கோபமே இல்லை. பாவம், அவள் கதை எழுத முயன்றுகொண்டிருந்தாள்.

அவள் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று நாள் முழுக்க மைக்கில் சொல்லிவிட்டு, மிச்சப் பேச்சை வீட்டுக்குக் கொண்டுவருகிறவள். எழுத்தாளர் ஆவது பதினோரு வருட ஆசை. ஆனால் தோன்றுகிற கதையை எல்லாம் அன்றைக்கே கணவரிடம் ஒன்றுவிடாமல் சொல்லிவிடுவாள். சொல்லி முடித்தபின் எழுத என்ன இருக்கிறது? நாற்பது கதைகள் இப்படியே காற்றோடு போய்விட்டன.

அதனால்தான் இந்த வாரம் பத்திரிகைப் போட்டிக்காக ஒரு சத்தியம். பத்துப் பக்கம், வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள். கொடுத்துவிட்டு வரும்வரை வீட்டில் வாயைத் திறப்பதில்லை. ஏன் என்றுகூடச் சொல்வதில்லை. ஆரம்பித்தால் கதையும் கூடவே வந்து விழுந்துவிடும். இந்த முறையும் தவறினால் பேனாவைத் தொடுவதே இல்லை என்று முடிவு செய்திருந்தாள்.

கதாநாயகன் ஒரு மலையேறும் வீரன். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறவள் மலையைப் பற்றி என்னத்தை எழுதுவாள்? இரண்டு நாள் மல்லுக்கட்டியதில், "மலை மிகவும் உயரமாக இருந்தது" என்ற ஒரே வரிதான் தேறியது.

அப்போதுதான் ரோஜாச் செடி விவகாரம் வெளியே வந்தது. அவள் கணவரைப் பார்த்தாள். நோட்டைப் பார்த்தாள். மலையை ஒரே கோடாக அடித்துவிட்டு, "அவன் செடிக்குக் காப்பி ஊற்றினான்" என்று தொடங்கினாள். பேனா பிய்த்துக்கொண்டு ஓடியது. ஒரு பக்கம் முழுசாக நிறைந்தது!

"என்ன எழுதுற? வக்கீலுக்கா?" என்றார் கணவர். மின்சார மீட்டர் கணக்கெடுப்பவர் அவர். எண்களோடு காலம் தள்ளுகிற சாது.

பாவமாக இருந்தது. ஒரு சீட்டில், "எனக்குக் கோபம் இல்லை" என்று எழுதி நீட்டினாள்.

படித்தவர் வெலவெலத்துப் போனார். "கோபமில்லன்னு எழுதிக் காட்டுற அளவுக்கா கோபம்? சரி, அதையும் சொல்லிடறேன். உங்க அண்ணன் கல்யாண போட்டோவுல உனக்குத் தலை இல்லாமப் போச்சே, அந்தப் போட்டோவை எடுத்தது நான்தான்."

மூன்றாம் பக்கம்.

புதன்கிழமை சீட்டு வேண்டாமென்று, அவரைப் பார்த்துக் கனிவாக ஒரு புன்னகை செய்தாள். கணவர் இரண்டடி பின்வாங்கினார்.

"இப்படிச் சிரிக்காதே, பயமா இருக்கு. உங்கம்மா வரும்போதெல்லாம் எனக்கு முதுகுவலி வருதே… வலியே கிடையாது. தைலம் மட்டும்தான் நிஜம்."

வாய்விட்டுச் சிரித்தால் சத்தியம் என்னாவது? முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு திரும்பினாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்து அவர் மேலும் இரண்டைக் கொட்டினார். ஆறு பக்கம்! அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை. நாற்பது கதைகளில் கிடைக்காத சந்தோஷம் இந்த ஆறு பக்கத்தில் கிடைத்தது.

வியாழக்கிழமை, மனுஷன் இளைத்துவிடப் போகிறாரே என்று, அவருக்குப் பிடித்ததாகப் பார்த்துப் பார்த்துச் சமைத்து வைத்தாள். தட்டைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது.

"புரிஞ்சுடுச்சு. இதுதான் இந்த வீட்டுல எனக்குக் கடைசிச் சாப்பாடு. அப்படின்னா பெருசையும் சொல்லிடறேன். கல்யாணத்துக்கு முன்னாடி, பஸ் ஸ்டாண்டு ஆபீஸ்ல உன் மேசையில நான் எழுதின லவ் லெட்டர் ஒண்ணு இருந்துச்சே… அது உனக்கு எழுதினதில்ல. அடுத்த மேசைக்கு எழுதினது. ஃபேன் காத்துல பறந்து உன்கிட்ட வந்துடுச்சு. நீ படிச்சுட்டுச் சிரிச்சே. நானும் சிரிச்சுட்டேன்."

அவளுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. 'யாரு அந்த அடுத்த மேசை?' என்ற கேள்வி தொண்டைவரை வந்து முட்டியது. கேட்டால் சத்தியம் போச்சு, கதையும் போச்சு. படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகையும் நிற்கவில்லை, பேனாவும் நிற்கவில்லை. வாழ்க்கையில் அவள் எழுதியதிலேயே உருப்படியான பக்கங்கள் அவைதான். அது அவளுக்கே தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை கணவர் வழக்கத்தைவிடச் சீக்கிரமே கிளம்பிப் போய்விட்டார். நிலையத்தில், "ஏற்பட்ட தாமதத்துக்கு வருந்துகிறோம்" என்று அறிவிக்கையில் அவளுக்குக் குரல் உடைந்து விசும்பல் வந்துவிட்டது. இத்தனை வருடத்தில் முதல்முறையாகப் பயணிகள் அந்த வருத்தத்தை நம்பினார்கள்.

மதியம் கடைசி வரி விழுந்தது. பத்துப் பக்கம்! ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில், மூச்சிரைக்கப் பத்திரிகை அலுவலகத்துக்குள் ஓடினாள். கதைகளை வாங்கிக்கொண்டிருந்த குமாஸ்தா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படிவத்தை வாசித்தார்.

"கதைச் சுருக்கம்: மனைவி பேசாமல் இருக்கிறாள். பயந்துபோன கணவன், மறைத்துவைத்த உண்மைகளை ஒவ்வொன்றாகக் கக்குகிறான்… அட!"

"நல்லாருக்கா சார்?" கதையைக் கொடுத்தாயிற்று. இனி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். "நானே எழுதினது சார், முழுசா!"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா காலையில மீட்டர் பார்க்க வந்தவர் ஒரு கதை கொடுத்துட்டுப் போனார், அதுவும் இதேதாம்மா."

"இதேவா?"

"ஒரே ஒரு வித்தியாசம்… அதுல, பொண்டாட்டி எழுத ஒண்ணும் கிடைக்காமத் தவிக்கிறாளேன்னு, புருஷன் தினமும் ஒரு பொய்யா யோசிச்சு யோசிச்சுச் சொல்றான்."