சம்பந்தி தோளில் விழுந்த காற்றுக் குழாய்

சிவகாசி,
24.4.2006

அன்பும் மரியாதையும் நிறைந்த சம்பந்தி லட்சுமிகாந்தம் அவர்களுக்கு, ரத்தினசாமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான், முருகம்மாள், அவள் தம்பி சோணைமுத்து மூவரும் நலம். அங்கு தங்களுடைய இடது தோள் எப்படி இருக்கிறது என்று அறிய ஆவல். சம்பந்தி அம்மாவுக்கு இருமல் நின்றதா என்பதையும் தெரிவிக்கவும். மாப்பிள்ளை கதிரவனுக்கும் எங்கள் மகள் ரோஜாவுக்கும் ஆசிகள். தங்களுக்குக் கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து எழுத்து மங்கல் என்பதால் இதையும் ரோஜாதான் வாசித்துக் காட்டுவாள். அவள் சிரித்தால் பொறுத்துக்கொள்ளவும்.

ஞாயிற்றுக்கிழமை தாங்கள் பாயசம் வருவதற்குள் எழுந்து பஸ் ஏறிப் போனதிலிருந்து எட்டு முறை போன் செய்துவிட்டேன். எட்டு முறையும் தங்கள் கடையில் யாரோ எடுத்து, "மொதலாளி குளிக்காக" என்றார்கள். கொடைக்கானல் குளிரில் ஒரு மனிதர் ஒரே நாளில் எட்டு முறை குளிக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆகையால்தான் இந்தக் கடிதம்.

தலைப்பிரசவத்துக்கு மகளைத் தாய்வீட்டுக்கு அழைப்பது முறை. தாங்கள் மறுக்கவில்லை. "அந்த வெயில்ல பச்சப்புள்ள வதங்கிப் போகும் சம்பந்தி, வீடு குளுகுளுன்னு இருக்கட்டும், நானே வந்து பாத்துட்டு அனுப்பி வைக்கேன்" என்றுதான் சொன்னீர்கள். எங்கள் வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி படுப்பதற்கு என்று இருப்பது அந்த உள்ளறை ஒன்று. அதற்கு ஜன்னல் கிடையாது, இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். ஏர் கூலரைப் பின்கட்டில் வைத்து, அங்கிருந்து சமையல்கட்டு வழியாக ஒரு குழாய் இழுத்துக் காற்றை உள்ளறைக்குக் கொண்டுபோய்விடலாம் என்று எனக்குத் தோன்றியது. ஆள் வைத்துச் செய்யக்கூடாதா என்று கேட்பீர்கள். முப்பத்தோரு வருடம் ஆப்செட் மிஷின் ஓட்டி நாலு கலரை மயிரிழை பிசகாமல் சேர்த்தவனுக்குக் குழாய் ஒரு வேலையா என்ற திமிர்தான், வேறென்ன.

குழாய்க்கு வேண்டிய தகட்டுக்கு நான் அலையவில்லை. அச்சடித்து முடித்த அலுமினியத் தகடுகள் எங்கள் ஊரில் கோழிக்கூண்டுக்குக் கூரையாகவும் குளியலறைக்குக் கதவாகவும் இருப்பதைத் தாங்களே பார்த்திருக்கிறீர்கள். நான் வேலை பார்த்த பழைய பிரஸ்ஸில் கேட்டதும் நாற்பது தகடு தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து விரித்துப் பார்த்தால் முக்கால்வாசி காலண்டர் தகடு, எல்லாம் சாமி. முருகம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றாள். "முருகன் மூஞ்சில கத்திரி வச்சீகன்னா இன்னைல இருந்து ஒங்களுக்குச் சோறு கெடையாது" என்றாள். சோற்றுக்குப் பயந்து, சாமி முகம் வந்த இடத்தில் எல்லாம் வெட்டாமல் வளைத்தோம். நேராகப் போனால் பதினான்கடியில் முடிந்திருக்க வேண்டிய குழாய், முருகனுக்காக ஒரு திருப்பம், லட்சுமிக்காக ஒரு திருப்பம், பிள்ளையாருக்குத் தும்பிக்கை நீளம் என்பதால் இரண்டு திருப்பம் என்று சுற்றி, இருபத்தாறடி ஆனது. கட்டிலுக்கு நேர் மேலே வந்த கடைசித் தகட்டில் மட்டும் சாமி இல்லையே என்று நிம்மதியாக இருந்தேன். அது பட்டாசுப் பெட்டி அச்சடித்த தகடு என்பதைக் கவனிக்கவில்லை. அன்றைக்குத் தாங்கள் கட்டிலில் சாய்ந்து அண்ணாந்து, "இங்கன என்னமோ எழுதியிருக்கே" என்று கேட்க, சம்பந்தி அம்மா எழுத்துக்கூட்டி, "திரியைப் பற்ற வைத்ததும் தூரப் போய்விடவும்" என்று வாசித்தார்கள். பிள்ளைத்தாய்ச்சி படுக்கும் இடத்தில் அப்படி ஒரு வாசகம் இருந்ததற்கு மனதார வருந்துகிறேன்.

அடுத்தது பசை. தகட்டோடு தகட்டை ரிவெட் அடித்துச் சேர்க்கலாம் என்றேன். எம். புதுப்பட்டியில் பட்டாசு கம்பெனி போர்மேனாக இருக்கும் சோணைமுத்து சிரித்தான். "வெடியையே கட்டிப் பிடிக்குத பசை அத்தான், காத்த விட்ருமா?" என்று சொல்லி, மைதாவும், பூச்சி அரிக்காமல் இருக்க நீல மயில்துத்தமும் போட்டு ஒரு அண்டா காய்ச்சி, பழுப்புக் காகிதத்தைக் கிழித்துக் கிழித்து எல்லா இணைப்பையும் ஒட்டினான். அதையும் நான் நம்பினேன். காரணம் இதுதான்: பட்டாசுத் தொழிலில் எதையும் நனையவே விடக் கூடாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும், ஆனால் நனைந்தால் என்ன ஆகும் என்று நின்று பார்த்தவர் ஒருவரும் இல்லை. கூலரில் இருந்து வருவது ஈரக்காற்று என்பது எங்கள் இருவருக்குமே கடைசிவரை தோன்றவில்லை.

பதினோரு மணிக்குத் தாங்கள் வந்தீர்கள். கூலரைப் போட்டேன். உள்ளறையில் ஜில்லென்று வந்தது. அதுவரை சிரிக்காத தங்கள் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்ததை நான் பார்த்தேன், இனி மகள் வீட்டுக்கு வந்த மாதிரிதான் என்றே நினைத்தேன். அந்த நேரம் பார்த்து முருகம்மாள் கோழி வறுவலுக்கு மிளகாயைத் தாளித்தாள். சமையல்கட்டுப் புகை பின்கட்டுக்குப் போகும், பின்கட்டில் இருப்பதை எல்லாம் கூலர் இழுக்கும் என்பது அப்போதுதான் விளங்கியது. சம்பந்தி அம்மாவின் இருமல் அந்தக் கணக்கில் வந்தது. நான் கூலரை நிறுத்த ஓடுவதற்குள் கரண்டே போய்விட்டது, கூலர் நின்றது, வீடு கப்சிப்பென்று ஆனது. முருகம்மாள் கரண்டியோடு குழாய்ப் பக்கம் திரும்பி, "வந்து அரமணி நேரமாச்சு, நல்லாருக்குன்னு ஒரு வார்த்த வருதா பாருங்க? மலையிலயே கெடந்து கெடந்து அந்த மனுசனுக்கு மூஞ்சியும் ஐஸாப் போச்சு" என்றாள். நான் தலையை மட்டும்தான் ஆட்டினேன். கொஞ்ச நேரம் கழித்துத் தாங்கள் சமையல்கட்டு வாசலுக்கே வந்து, "ஐஸ் மூஞ்சிக்காரனுக்கு ஒரு சொம்பு தண்ணி குடுங்க" என்று கேட்டபோதுதான், காற்று போகிற வழியில் பேச்சும் போகும் என்று தெரிந்தது. முருகம்மாள் அன்றிலிருந்து கண்ணாடி பார்ப்பதில்லை.

தண்ணீர் குடித்துவிட்டுத் தாங்கள் மறுபடி போய்ப் படுத்த பெருந்தன்மையை நான் மறக்க மாட்டேன். கரண்ட் வந்தது, கூலர் ஒரே மூச்சாக ஊதியது, ஊறிக் கிடந்த பசை ஒவ்வொரு இணைப்பாக விட்டுக்கொண்டு வந்து, கடைசித் தகடு தங்கள் தோளில் இறங்கியது. வெள்ளைச் சட்டையில் மயில்துத்தக் கறை போகாது, எலுமிச்சம்பழம் தேய்த்தாலும் போகாது, வீணாகத் தேய்க்க வேண்டாம்.

ஆகவே சம்பந்தி, நான் இப்போது உறுதியாகச் சொல்வது என்னவென்றால், அந்தக் குழாயை அடியோடு கழற்றிப் போட்டுவிட்டேன். வாசலுக்கு வெட்டிவேர்த் தட்டி கட்டி, மணிக்கு ஒருதரம் நானே தண்ணீர் தெளிக்கிறேன். என் முட்டாள்தனத்துக்காக என் பிள்ளையைத் தண்டித்துவிடாதீர்கள். அவள் பிறந்ததும் அந்த உள்ளறையில்தான். ரோஜா வரவில்லை என்றால் முருகம்மாள் தாங்க மாட்டாள், நானும் தாங்க மாட்டேன், அதை மறைக்க எனக்குத் தெரியவில்லை. வளைகாப்பு முடிந்ததும் அழைத்துவர உத்தரவு வேண்டும். தங்கள் குடும்பம் சகல சௌபாக்கியத்துடன் விளங்கவும், தோள் வலி விரைவில் தீரவும் முருகனை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மறவாத
ரத்தினசாமி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது முருகம்மாள் கையைப் பிடித்துக்கொண்டாள், உண்மையை எழுதச் சொல்கிறாள். ரோஜா, இந்த இடத்தில் நிறுத்தாதே, மாமாவுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாக வாசி. சம்பந்தி, சமையல்கட்டுப் பேச்சு உள்ளறைக்குப் போன அதே குழாயில் உள்ளறைப் பேச்சும் எங்களுக்கு வந்தது. தண்ணீர் கேட்டு வருவதற்கு முன் தாங்கள் சம்பந்தி அம்மாவிடம், "வெயிலாவது ஒண்ணாவது! இந்தப் புள்ள போயிருச்சுன்னா நாலு மாசம் எனக்கு யாரு பேப்பர் வாசிச்சுக் காட்டுவா? நீ ஒரு தலைப்பு வாசிக்கதுக்குள்ள ஊரு விடிஞ்சிரும்" என்று சொன்னதை நாங்கள் இருவரும் கேட்டோம். அதைக் கேட்டுத்தான் முருகம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாயசத்தில் இன்னொரு கை முந்திரி போட்டாள். குழாயைக் கழற்றிவிட்டேன் என்று மேலே எழுதியதை அடித்துவிடவும். இந்த முறை ரிவெட் அடித்து மாட்டியாகிவிட்டது. ரோஜாவோடு தாங்களும் வந்து நாலு மாசம் உள்ளறையில் இருங்கள். அவள் பேப்பர் வாசிக்கட்டும், தாங்கள் கேளுங்கள், சமையல்கட்டில் நின்று நாங்களும் கேட்டுக்கொள்கிறோம்.