கிழங்குப் பாட்டை மேடையேற்றியவர்

பாட்டுத் திருத்துபவர் என்று ஓர் இனம் உண்டு. உங்களுக்கும் அவரைத் தெரியும். ஊர் கூடிப் பாடுகிற பாட்டு ஒன்று காதில் விழுந்துவிட்டால் அவருக்கு இருப்புக் கொள்ளாது; அதைப் பிடித்துக் குளிப்பாட்டி, தலைவாரி, கறுப்புக் கோட்டு மாட்டி மேடையில் நிறுத்தினால்தான் அன்றைக்குச் சோறு இறங்கும். என்னைத் திருத்து என்று பாட்டுக் கேட்டதா? பாட்டிடம் யார் கேட்கிறார்கள்!

நான் பார்த்தவர் ஹெர் ஸ்டூக்கி, சுவிஸ்காரர், இசையமைப்பாளர். தொண்ணூற்றாறாம் ஆண்டு, சுவிஸில் எம்மன்புரூக்கே என்ற ஊரில் ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில் நானும் விஜிதரனும் கானா நாட்டு அஜோவாவும் சட்டி கழுவினோம். அங்கே இருந்த தன் தாயைப் பார்க்க வந்த மனுஷன், அஜோவா பாடியதைக் கேட்டுவிட்டார். அது அவள் ஊரில் புதுக் கிழங்கு கிண்டி எடுக்கும் திருவிழாப் பாட்டு. ஒருத்தி கூப்பிடுவாள், ஊரே பதில் சொல்லும். வாய் திறக்காமல் நிற்பவன் விளைச்சல் நாசமாகட்டும் என்று நினைப்பவன். குசினியில் நாங்கள் இரண்டு பேரும்தான் ஊர். அர்த்தம் தெரியாது, தொண்டை இருந்தது.

ஸ்டூக்கி கண்ணை மூடினார். "இது மண். இதற்கு உருவம் கொடுக்க வேண்டும்" என்றார். மூன்று மாதம் டேப் ரெக்கார்டரும் கையுமாக வந்து, பாடு என்றார், இன்னொரு தரம் என்றார், மெதுவாக என்றார், மேடையில் நீதான் முன்னுக்கு நின்று பாடுவாய் என்றும் சொல்லிவிட்டார். அஜோவா ஊருக்குப் போன் எடுத்துத் தாயிடம் சொன்னாள். சிவப்பில் சட்டையும் தைத்தாள்.

பிறகு, தாளில் எழுதிய இசையை அவளுக்கு வாசிக்கத் தெரியாதே என்று கவலைப்பட்டார். சூரிச்சிலிருந்து ஒரு பாடகி வந்தாள். எங்கள் மூவருக்கும் கடைசி வரிசையில் இலவச டிக்கெட்.

லுட்சேர்ன் மண்டபத்தில் கையில் ஒரு நிகழ்ச்சிப் புத்தகம் தந்தார்கள். ஸ்டூக்கியைப் பற்றி நான்கு பக்கம். அஜோவாவைப் பற்றி ஒரு வரி: "மூலம்: ஆப்பிரிக்கா." கண்டம் முழுவதும் வரிசையில் நின்று பாடிக் கொடுத்ததாக்கும்!

பாடகி கூப்பிட்டாள். பதில் வரவேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. அதுதான் ஸ்டூக்கியின் கண்டுபிடிப்பாம், மௌனம். அதற்கே ஒன்றரைப் பக்க விளக்கம். எண்ணூறு பேரும் இருமலைக்கூட விழுங்கிக்கொண்டு இருந்தார்கள்.

"என்னண்ணை, எல்லாரும் ஒரேயடியா நித்திரையோ?" என்றான் விஜிதரன்.

"பொத்தடா வாயை. இதுதான் ரசிக்கிற இடமாம்."

இரண்டாம் தரமும் கூப்பிட்டாள். மௌனம். மூன்றாம் தரம் அஜோவா எழும்பிவிட்டாள். சிவப்புச் சட்டையோடு நிமிர்ந்து நின்று, கூரை அதிரப் பதில் சொன்னாள். ஊரின் விளைச்சல் அல்லவா? பழக்கதோஷம், நாங்களும் சேர்ந்து கத்திவிட்டோம். எண்ணூறு தலை திரும்பியது. "ப்ஸ்ஸ்ட்!"

முடிந்ததும் ஸ்டூக்கி ஓடிவந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். கண் கலங்கியிருந்தது! "அற்புதம்! அந்தக் குரலை எழுதிச் சேர்க்கப் போகிறேன். அடுத்த தரம் பேர்ன் நகரில் அதை முப்பது பேர் பாடுவார்கள்."

"அதிலை நானும் பாடுவனோ?" என்று அஜோவா தன் உடைந்த ஜெர்மனில் கேட்டாள்.

"நீ கட்டாயம் வரவேண்டும். டிக்கெட் அனுப்புகிறேன். ஆனால், தயவுசெய்து..." உதட்டில் விரலை வைத்துக் காட்டினார்.

"அப்ப என்ரை அம்மாவுக்குப் போன் எடுத்துச் சொல்லப்போறது ஆர்? நீங்களோ?"

ஸ்டூக்கி மணிக்கூட்டைப் பார்த்தார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். வெள்ளைக்காரன் புத்தி இதுதான் என்று தலையையும் ஆட்டுங்கள். போன பொங்கலுக்கு இதே சுவிஸில், நம் ஆட்கள் கூடிய ஊஸ்டர் மண்டபத்தில் மட்டக்களப்பு ஞானேஸ்வரி ஊர்க் கும்மி பாட ஆயத்தமாக நின்றபோது, "அக்கா, உங்களுக்குச் சுருதி நிக்காது. சங்கீத டீச்சரின்ரை பிள்ளையள் பாடட்டும், நீங்கள் வடையைப் பாருங்கோ" என்றது யார்? பட்டுக் கட்டிய பிள்ளைகள் ஒன்பது பேர் சம்மணமிட்டு இருந்து கும்மி பாடினார்கள். ஒருத்தியும் கை தட்டவில்லை. குசினிக்குள் இருந்துதான் தாளம் தப்பாமல் ஒரு கைதட்டல் கேட்டது. முன்வரிசையிலிருந்து திரும்பி "உஷ்" என்றது யார் என்று நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.