பாதி வலை கட்டின கோல் போஸ்ட்

அன்னிக்கு எனக்குக் கொடுத்திருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். கோல் போஸ்ட்டுக்கு வலை கட்டணும்.

இதுல என்னய்யா தப்பு நடக்கப் போகுதுன்னு கேப்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன்.

ராயபுரத்துல எங்க தெருப் பசங்களுக்கு ஒரு ஃபுட்பால் கிளப் இருந்தது. என் பையன் ஆரோக்கியம் அதுல சென்டர் ஃபார்வர்டு. நான் ஹார்பர்ல டாலி கிளார்க். கப்பல்லேர்ந்து எறங்குற பெட்டியை நின்னு பார்த்து எண்ணுறவன். ஃபுட்பால்ல எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனா அப்பன் ஆச்சே, கருத்து இல்லாம இருக்குமா?

என் கருத்து இதுதான்: பந்து கால்ல பட்டா அடி. கோலைப் பார்த்து அடி.

மைக்கேல் கருத்து வேற. மைக்கேல் அதே ஹார்பர்ல சரக்கு தூக்குற வின்ச் ஓட்டுறவன். கோயில்ல எனக்கு முன் பெஞ்சு. அவன் பையன் ஸ்டீபன் வலது பக்கம் ஓரமா ஓடுறவன். யாராவது தள்ளி விட்டாத்தான் அவனுக்குப் பந்தே வரும். அதனால மைக்கேலுக்கு ஆட்டம்னா பாஸ், பாஸ், பாஸ்.

எங்க கொள்கையெல்லாம் அவனவன் புள்ள நிக்குற எடத்துலதான் பொறந்தது!

மாஸ்டருக்கு ரெண்டுமே ஆவாது. ஒரு காலத்துல பெரம்பூர்ப் பக்கம் பேர் வாங்கின ஆட்டக்காரர். சம்பளம் வாங்காம பசங்களுக்குக் கத்துக்கொடுத்தாரு. ஆனா மாசக்கணக்கா ஒரே பாடம். வர்ற பந்தைக் காலால நிறுத்து. அப்புறம்? மறுபடி நிறுத்து.

"இன்னா மாஸ்டர், பந்தை நிறுத்திக்கினே இருந்தா கோல் எப்டி வியும்?"னு ஒரு நாள் கேட்டுட்டேன்.

"நிறுத்தத் தெரியாதவன் அடிச்சா பந்து தண்டையார்பேட்டையில போய் வியும். நீ போய் எடுத்தாரியா?"ன்னாரு.

மைக்கேலும் நானும் ஒத்துப்போன ஒரே விஷயம், மாஸ்டருக்கு ஒண்ணும் தெரியலங்கறதுதான்.

இப்படி இருக்கறப்போ செமி ஃபைனல் வந்தது. ஞாயித்துக்கிழமை, பெரம்பூர்ப் பசங்களோட. ஜெயிச்சா ஃபைனல். ஃபைனலுக்குத்தான் பெரிய டீம்காரங்க வந்து பசங்களைப் பார்ப்பாங்க. அவங்க கண்ணுல பட்டுட்டா, ஆட்டத்தை வெச்சே பின்னால ஒரு வேலை கெடைக்கும். ஆரோக்கியத்துக்குப் படிப்பு சுத்தமா ஏறல. அவன் கணக்கு மார்க்கைப் பார்த்துட்டு எம் பொண்டாட்டி மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்த ஆரம்பிச்சிருந்தா. எங்க வூட்டுக்கு அந்த ஃபைனல்தான் நம்பிக்கை.

ஞாயித்துக்கிழமை காலைல பூசை முடிஞ்சதும் மாஸ்டர் அப்பன்மாரையெல்லாம் கூப்பிட்டாரு.

"லைனாண்ட நின்னு எவனாவது அடி, குடுன்னு கத்தினீங்க, விசிலைக் கீழ போட்டுட்டுப் போய்க்கினே இருப்பேன். ஆளுக்கு ஒரு வேலை தரேன். செய்ங்க. வாயைத் தொறக்காதீங்க."

மைக்கேலுக்கு சுண்ணாம்புக் கோடு. ஒரு பக்கத்து கோலுக்குத்தான் வலை இருந்தது, இன்னொரு பக்கத்துக்கு வலை கொண்டாந்து கட்டுறது என் வேலை.

காசிமேட்டுக்கு ஓடினேன். என் பொண்டாட்டியோட தம்பி செபஸ்தி அங்க மீன்பிடிக்கிறவன்.

"பழைய வலை எதுனா இருந்தா குடு மச்சான். கோலுக்குக் கட்டணும்"னேன்.

அவனுக்குக் கோபம் வந்துருச்சு. "தாய்மாமன் நான் குத்துக்கல்லாட்டம் கீறேன். எம் மருமவன் கிய்ஞ்ச வலையில கோல் அடிக்கணுமா? நல்ல வலையாவே எடுத்துக்கினு போ மாமா. இன்னிக்கு ஞாயித்துக்கெயம, நான் கடலுக்குப் போவ மாட்டேன்."

எவ்வளவு பெருந்தன்மை! சைக்கிள் ரிக்‌ஷாவுல வலையை ஏத்தி, மேல நானும் ஏறிக் குந்தினேன். வழியெல்லாம் காக்கா கூடவே வந்தது. மைதானத்துக்கு வந்தப்புறம் ரெண்டு பூனையும் சேர்ந்துக்கிச்சு.

கட்டி முடிச்சேன். பாக்க ஜோரா இருந்தது. மோந்து பாக்கத்தான் முடியல.

மொதல் பாதியில எங்க கோல்கீப்பர் அங்க நின்னான். அவன் காசிமேட்டுப் பையன், ஒண்ணும் தெரியல. இடைவேளைக்கு அப்புறம் பக்கம் மாறிச்சு. பெரம்பூர் கோல்கீப்பர் வந்தான். வந்த வேகத்துல மூக்கைப் பொத்திக்கினான்.

"சார், இங்க ஒரே கலீஜா கீது சார்!"

ரெஃப்ரி வந்து ஒரு தரம் மூச்சை இழுத்தாரு. நேரா நடு மைதானத்துக்கே போயிட்டாரு. எனக்கு உள்ளூர சந்தோஷம். மூக்கைப் பொத்தினா ஒரு கையில எப்படிப் பந்து பிடிப்பான்?

ஆட்டம் முடியுற நேரம். இன்னும் யாரும் கோல் போடல. நான் வலைக்குக் காவலா கோல் பின்னாடி நிக்கிறேன். அப்போ ஒருத்தன் மூச்சிரைக்க ஓடி வந்தான். கோவிந்தன். செபஸ்தியோட படகுல பங்குக்காரன்.

"ஜோசப்பண்ணே, வலையை அவுரு! மீன் பட்டுகினு கீதாம், எல்லாரும் படகைத் தள்ளிட்டானுங்க!"

"இன்னிக்கு ஞாயித்துக்கெயமப்பா!"

"அது உங்களுக்கு. எனக்கு இன்னா பூசையா கீது?"

அப்பதான் வெவரம் புரிஞ்சது. அந்த வலையில பாதிதான் செபஸ்தி பங்கு. மீதிப் பாதி கோவிந்தனோடது. ரெண்டு துண்டையும் நடுவுல கயிறு போட்டுச் சேர்த்து வெச்சிருக்காங்க. என் மச்சான் பெருந்தன்மையா தூக்கிக் கொடுத்ததுல பாதி அடுத்தவன் சொத்து!

"ஆட்டம் முடியட்டும்பா, கையெடுத்துக் கும்புடறேன்."

"மீனு நிக்குமா? என் பங்கு எனக்கு வோணும். உன் மச்சான் பங்கை நான் தொடல."

தொடவும் இல்ல. சொன்ன சொல் தவறாதவன். நடுக் கயிறை உருவி, வலது பக்கத்தை மட்டும் அவுக்க ஆரம்பிச்சான்.

நான் ரெஃப்ரியைப் பார்த்துக் கையை ஆட்டினேன். அவரு தூரத்துலேர்ந்தே, "கம்பம் நிக்குதுல்ல? அது போதும், ஆடு!"ன்னுட்டாரு.

இப்போ மைதானத்துலேர்ந்து பார்த்தா அந்தக் கோலுக்கு இடது பக்கம் வலை. வலது பக்கம் வெட்டவெளி. கோவிந்தன் தன் பாதியைத் தோள்ல போட்டுக்கினு கடல் பக்கமா ஓட்டம் எடுத்தான். பூனைங்களும் அவன் பின்னாடியே போச்சு.

அந்த நேரம் பார்த்து மைக்கேல் சுண்ணாம்பு வாளியோட வந்து நின்னான். பாதி வலையைப் பார்த்தான். சிரிச்சான்.

"இன்னா மாமு, ஒரு வலை கட்டச் சொன்னா பாதி வலை கட்டிக்கீற? உன் புள்ளையும் இப்டித்தான், பாதி ஆட்டம். எந்நேரமும் ஷூட்டு. எம் புள்ளைக்கு ஒரு பாஸ் குடுத்தா கொறைஞ்சா பூடுவான்?"

என்னைச் சொல்லியிருந்தா பொறுத்திருப்பேன். புள்ளையைச் சொல்லிட்டான்.

"பாஸ் குடுத்தா உன் புள்ள இன்னா கியிப்பான்? ஓரமா நின்னுகினு காக்காயைப் பாப்பான்!"

"ஷூட்டு ஷூட்டுன்னு அவனைக் கெடுத்ததே நீதான்!"

"பாஸு பாஸுன்னு டீமையே கெடுத்தது நீ!"

மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கினு, மூக்கோட மூக்கு வெச்சு நிக்கிறோம். லைனாண்டதான் கத்தக் கூடாது, கோல் பின்னாடி கத்தலாம்னு எங்களுக்கு நாங்களே சட்டம் போட்டுக்கிட்டோம்.

திடீர்னு ஒரே கூச்சல்.

"கோல்!"னு எங்க பசங்க குதிக்கிறானுங்க. "இல்ல, வெளிய போச்சு!"ன்னு பெரம்பூர்ப் பசங்க கையை ஆட்டுறானுங்க. ஆரோக்கியம் கால்லேர்ந்து போன பந்து. வலை இல்லாத வலது பக்கமா வந்து எங்களையும் தாண்டி, பின்னால சாக்கடையில கெடக்குது. கம்பத்துக்கு உள்ள போச்சா, வெளிய போச்சா? லைன்ஸ்மேன் எல்லாம் எங்க ஆட்டத்துக்கு ஏது? ரெஃப்ரி அந்தக் கோடியிலேர்ந்து ஓடி வந்தாரு. நேரா எங்க ரெண்டு பேர்கிட்ட.

"காலைல பூசைக்குப் போனீங்களா?"

"போனோம்."

"நற்கருணை வாங்கினீங்களா?"

"வாங்கினோம்."

"அப்போ பொய் சொல்ல மாட்டீங்க. கோல் பின்னாடியே நிக்கிறீங்க. நீங்க சொன்னா நான் விசில் அடிக்கிறேன். பந்து எங்க போச்சு?"

பெரம்பூர் டீமோட மாஸ்டரே தலையை ஆட்டி ஒத்துக்கினாரு. உள்ளதான் போச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னா ஃபைனல். எம் புள்ள என் மூஞ்சியையே பார்க்கிறான். எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனா காலைல நற்கருணைன்னு வாங்கின அப்பம் தொண்டையிலேயே நிக்கிற மாதிரி இருந்தது.

"பாக்கல சார்"னேன்.

மைக்கேலும் தலையைத் தொங்கப் போட்டுக்கினு, "நானும் பாக்கல சார்"னான்.

நாள் முழுக்க ஒரு பெட்டி தப்பாம பார்த்து எண்ணுறவன், சொந்தப் புள்ள அடிச்ச ஒரே ஒரு பந்தைப் பாக்கல! அவ்வளவு வெக்கம் எனக்கு அதுக்கு முன்னாடி வந்ததில்ல. பார்த்திருந்தா கோவிந்தன் ஒருத்தன்தான் பார்த்திருக்கணும். அவன் அந்நேரம் அலைக்குப் போய்ச் சேர்ந்திருப்பான்.

கோல் இல்லன்னாரு ரெஃப்ரி. ஆட்டம் முடிஞ்சு காசு சுண்டினாங்க. பெரம்பூர் ஜெயிச்சது.

மாஸ்டர் விசிலைக் கீழ போடல. கோபப்படக்கூட இல்ல. எங்க பக்கத்துல வந்து, "பந்தைப் பாருடா, பந்தைப் பாருடான்னு பசங்களுக்குச் சொல்லிக்கினே இருந்தேன். உங்களையும் சேர்த்து நிக்க வெச்சிருக்கணும்"னாரு. அதுக்குப் பதிலா நாலு அறை விட்டிருக்கலாம்.

வூட்டுக்கு நடந்தோம். என் தோள்ல மச்சானோட பாதி வலை. ஆரோக்கியம் ரெண்டடி முன்னால நடந்தான். ரயில்வே கேட்டாண்ட நிக்கிறப்போ மெதுவாக் கேட்டேன்.

"நெசமாவே கோலாடா?"

"கோலுதான் நைனா. கம்பத்துக்கு நல்லா உள்ள போச்சு."

எனக்கு உசுரு திரும்பிச்சு. "பாத்தியா! நான் சொன்னேன்ல? ஷூட் பண்ணாத்தாண்டா கோலு!"

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.

"நான் எங்க நைனா ஷூட் பண்ணேன்? மைக்கேல் மாமா கத்துறாரேன்னு ஸ்டீபனுக்குப் பாஸ் குடுத்தேன். அவன் உங்க சண்டையை வேடிக்கை பாத்துக்கினு இருந்தான். அது அப்டியே உள்ள பூடுச்சு."

மைக்கேலுக்கு இது இன்னிவரைக்கும் தெரியாது. நீங்களும் சொல்லிடாதீங்க.