மூக்கு சொன்ன சாட்சி

தீபாவளி முடிந்த மூன்றாம் நாள் திருத்தங்கல் பெத்தணன் ஒரு சபதம் எடுத்தான். வருஷம் முழுக்கப் பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக நின்றே தேய்ந்த கால்கள் அவனுடையவை. கம்பெனி திறக்க இன்னும் மூன்று வாரம் இருந்தது. அதுவரை போனஸில் வாங்கிய புது சோபாவில் காலை நீட்டிப் படுப்பது. டிவி பார்ப்பது. சாப்பாட்டுக்கு மட்டும் எழுவது. சொந்தக்காரன் செத்தால்கூட, தூரத்துச் சொந்தம் என்றால் அசைவதில்லை.

எல்லாம் சரி. சோபாவில் ஏற்கெனவே ஒருத்தர் படுத்திருந்தார்.

அவர் பெயர் சக்கரம். காது மடிந்த செவலை நாய். குட்டியாக இருந்தபோது தன் வாலைத் தானே விரட்டிக்கொண்டு சங்குசக்கரம் மாதிரிச் சுற்றியதால் வந்த பெயர். வாசலில் கிடந்த பிராணியை, வெடிச் சத்தத்துக்கு நடுங்குகிறதே என்று பெத்தணன் பெண்டாட்டி பாண்டிமீனா தீபாவளியன்று உள்ளே விட்டாள். வந்த வேகத்தில் அது சோபாவுக்கு அடியில் நுழைந்தது. சத்தம் அடங்கியதும் வெளியே வந்து சோபாவுக்கு மேலே ஏறியது. ஏறியது ஏறியதுதான்.

"ஏ மீனா, இந்த நாய எறக்கி விடு."

"பாவம், பயந்து கெடக்கு."

"வெடிச் சத்தம் நின்னு மூணு நாளாச்சு."

"சத்தம் நின்னா பயம் நிக்கணும்ல? அம்புட்டும் ஒங்க கம்பெனி வெடி. செஞ்சது நீங்க, நடுங்குனது அது. பாய் விரிச்சுத் தாரேன், கீள படுங்க."

பெத்தணன் வால் பக்கமாக ஒரு ஓரத்தில் உட்காரப் பார்த்தான். சக்கரம் தலையைக்கூடத் தூக்காமல் 'உர்' என்று ஒரே ஒரு சொல் சொன்னது. பெத்தணன் பாய்க்குப் போனான்.

இரண்டு நாள் அவன் தரையில் புரண்டு யோசித்தான். நாயை அடித்தால் மீனா சோற்றில் கை வைப்பாள். கெஞ்சினால் நாய் மதிக்காது. மூன்றாம் நாள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மழையில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்த சக்கரம், சொட்டச் சொட்ட சோபாவில் ஏறிப் படுத்தது. அந்த நேரம் பார்த்து, பக்கத்து வீட்டுச் சண்முகத்தாய் சீனி கேட்டு உள்ளே வந்தாள். வந்தவள் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

"என்னடி மீனா இது! ஈரச் சாக்கு மக்குன மாதிரி ஒரு வாடை! குடலப் பெரட்டுது!"

பெத்தணன் பாயிலிருந்து துள்ளி எழுந்தான்.

"அதத்தான்க்கா நானும் சொல்லுதேன்! நாத்தம் தாங்கல! மூக்கைக் களத்தி வெளிய வச்சிரலாம் போல இருக்கு!"

இங்கே ஒரு ரகசியத்தை உடைத்துவிட வேண்டும். பெத்தணனுக்கு ஒரு வாடையும் அடிக்கவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, ஏழு வருஷமாகவே அடிக்கவில்லை. பட்டாசுக் கம்பெனிக்குள் பீடி, தீப்பெட்டி ஆகாது. வாசலிலேயே மடியைத் தடவிப் பார்த்துவிடுவார்கள். பீடியை விட்ட கை மூக்குப்பொடி டப்பாவைப் பிடித்தது. உள்ளே பொடி, வெளியே வெடிமருந்துத் தூசி. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மூக்கு ஒருநாள் சத்தமில்லாமல் செத்துப்போனது. அப்புறம் அது கண்ணாடி மாட்டுவதற்கு மட்டும் முகத்தில் இருந்தது.

வெளியே சொன்னால் மானம் போகும். "வாசத்த வச்சே மருந்துப் பக்குவத்தச் சொல்லிருவேன்லே" என்று கம்பெனிப் பையன்களிடம் அளந்துவிட்டவன் அவன். வீட்டிலும் விடவில்லை. தட்டு முன்னால் வந்ததும் கண்ணை மூடி, "அடடா, என்னா வாசம்!" என்று ஒரு போடு போடுவான். ஏழு வருஷமாக ரகசியம் பத்திரமாக இருந்தது.

சண்முகத்தாய் சீனியோடு போனதும் மீனா இடுப்பில் கை வைத்தாள்.

"இந்தா பாருங்க. நாத்தம்தான் கொறையா, இல்ல வேற எதுவும் உண்டா?"

"நாத்தம் மட்டுந்தான். சக்கரம் எம்புள்ள மாதிரி."

"நாத்தம் போயிட்டா?"

பெத்தணன் மனசுக்குள் சிரித்தான். நாற்றம் போனதா இல்லையா என்று யார் சொல்வது? அவன் மூக்குத்தானே? அதைக் கோர்ட்டுக்கு இழுத்தா விசாரிக்க முடியும்?

"நாத்தம் போயிட்டா சோபாவ அதுக்கே எளுதி வச்சிருதேன். போகலைன்னா அது வாசலுக்கு, சோபா எனக்கு. சரிதானா?"

"சரி" என்றாள் மீனா. அவள் அவ்வளவு சீக்கிரம் சரி சொன்னபோதே அவன் சுதாரித்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை அவள் நாயை ஆட்டோவில் ஏற்றிக் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனாள். திரும்பி வந்தவள் கையில் ஒரு பை நிறையச் சாமான்.

"டாக்டரம்மா சொல்லிட்டாக. நாறுறதுக்கு நாய் காரணம் இல்லையாம்."

"பின்ன, நானா?"

"நாம. காது மடிஞ்சு கெடக்குறதுனால உள்ள காத்தே போகலையாம், ரெண்டுலயும் அளுக்கு. பல்லு பூராக் காரை புடிச்சிருக்கு. வாலுக்கடியில ரெண்டு சின்னப் பை இருக்காம், அது நெறஞ்சு கெடந்துச்சு. அத அவுகளே எடுத்து விட்டுட்டாக. மத்ததெல்லாம் நாமதான் பாக்கணுமாம்."

"நாமன்னா?"

"எனக்கு மார்கழி வரைக்கும் மூச்சுவிட நேரமில்ல. நாமன்னா நீங்க."

அதுவும் நியாயம்தான். மீனாவுக்குக் காலண்டர் ஆபீசில் பைண்டிங் வேலை. தீபாவளி முடிந்தால் வெடிக்காரனுக்கு லீவு, காலண்டர்காரிக்கு சீசன். அச்சுப் பிசகிய ஒரு காலண்டர் அட்டையின் முதுகில் அவள் வேலைகளை எழுதி ஆணியில் மாட்டினாள். தினமும் முடி சீவ வேண்டும். பஞ்சில் மருந்து நனைத்துக் காது துடைக்க வேண்டும். நாய்ப் பேஸ்ட்டால் பல் விளக்கிவிட வேண்டும். மழையில் நனைந்தால் உடனே துவட்ட வேண்டும். படுக்கைத் துணி, சோபா உறை இரண்டையும் மூன்று நாளுக்கு ஒருமுறை துவைத்து வெயிலில் போட வேண்டும்.

"குளிப்பாட்டுறது?" என்றான் பெத்தணன், ஒரு வாளித் தண்ணியோடு கதையை முடித்துவிடலாம் என்ற நம்பிக்கையில்.

"மாசத்துக்கு ஒருக்காப் போதுமாம், அதுவும் நாய் ஷாம்புல. தெனம் தேச்சுக் குளிப்பாட்டினா தோலு காஞ்சு இன்னும் நாறுமாம்."

பக்கத்திலேயே ஒரு தினசரிக் காலண்டரையும் தொங்கவிட்டாள். வேலை முடிந்ததும் அன்றைய தாளின் பின்பக்கத்தில் நாற்றம் உண்டா இல்லையா என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

அதற்கப்புறம் பெத்தணன் பட்ட பாட்டை நாய்கூடப் படாது. அவசரத்தில் தன் பல்லையே விரலால் தேய்த்துக்கொண்டு ஓடுகிற மனிதன், கடைவாய்ப் பல்வரை நாய்க்கு விளக்கிவிட்டான். சக்கரம் பேஸ்ட்டை ருசித்துத் தின்றுவிட்டு இன்னும் கொடு என்று வாயைத் திறந்தது. முடி சீவும்போது சுகமாகக் கண்ணை மூடியது. வலப்பக்கம் முடிந்ததும் தானே திரும்பி இடப்பக்கத்தைக் காட்டியது. பெத்தணன் துவைத்தான், காயப்போட்டான், மழை வந்தால் எடுத்தான், வெயில் வந்தால் மறுபடியும் போட்டான். மாலையானால் மட்டும் ஒரு சுகம். பேனாவை எடுத்து, 'நாத்தம் உண்டு. இப்படிக்கு, பெத்தணன்' என்று எழுதுவான்.

ஒன்பதாம் நாள் அவனுக்கே ஒரு சந்தேகம் வந்தது. உண்மையிலேயே நாறுகிறதா, இல்லையா? கம்பெனியில் அவன் கீழ் வேலை பார்க்கும் இசக்கிப்பாண்டி அந்தப் பக்கமாகப் பைக்கில் வந்தான். பெத்தணன் அவனை உள்ளே இழுத்தான்.

"ஏலே, இந்த நாய மோந்து பாரு."

"எதுக்குண்ணாச்சி?"

"பாருலே, சொல்லுதேன்."

இசக்கிப்பாண்டி குனிந்து மோந்தான். "பவுடர் போட்ட புள்ள மாதிரி இருக்கு." நிமிர்ந்தவன் ஒரு அடி பின்னால் போனான். "ஒங்க மேலதான் அண்ணாச்சி ஒரு வாடை. குளிச்சு எத்தன நாளாச்சு?"

அவனை விரட்டிவிட்டு, அன்றைக்கும் 'நாத்தம் உண்டு' என்று எழுதினான். கூடவே 'அதிகம்' என்றும் சேர்த்தான்.

மீனா தாள்களை வாசித்தாள். கோபப்படவில்லை.

"வெள்ளிக்கிளமை எனக்கு அர நேர லீவு. சண்முகத்தாய் மதினிய வச்சு முடிவு பண்ணிருவோம். ஒங்க கண்ணக் கட்டிருவோம். மோந்து பாத்துச் சொல்லுங்க. நாயி நாறுதுன்னு நீங்க கண்டுபிடிச்சிட்டா, அன்னைக்கே சக்கரம் வாசலுக்கு."

மறுத்தால் மூக்கு விஷயம் வெளியே வந்துவிடும். "தாராளமா" என்றான் பெத்தணன்.

வெள்ளிக்கிழமை காலை சக்கரம் தன் தட்டை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பல் விளக்கிவிட்டதில் திமிர் ஏறிவிட்டது என்று பெத்தணன் நினைத்தான். மத்தியானம் அவனுக்குச் சோறும் பருப்புக் குழம்பும் வந்தன. வழக்கம்போலக் கண்ணை மூடினான்.

"அடடா, என்னா வாசம்! புளி மட்டும் ஒரு பொட்டுத் தூக்கல். இருந்தாலும் இன்னொரு கரண்டி ஊத்து."

சாப்பாடு முடிந்ததும் சண்முகத்தாய் வந்து நாற்காலியில் நீதிபதியாக உட்கார்ந்தாள். துண்டால் கண்ணைக் கட்டினார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். மூக்குக்கு நேரே ஏதோ வந்து நின்றது.

பெத்தணன் காதைத் தீட்டினான். நாய் இளைக்கும் சத்தம் பக்கத்தில் இல்லை. ஆக இது நாய் இல்லை, ஏமாற்று. வெள்ளிக்கிழமை, பொம்பளைகள், வேறு எதைக் காட்டப்போகிறார்கள்?

நன்றாக இழுத்து மோந்தான். "இது தெரியாதா? மல்லிகைப்பூ. ஆகா!"

யாரோ இருமினார்கள். "சரி தம்பி, அடுத்தது" என்றாள் சண்முகத்தாய்.

இப்போது ஏதோ இன்னும் நெருங்கி வந்தது. மூக்கு நுனியில் ஈரமான முடி உரசியது. இடது காதோரம் 'ஹெஹ் ஹெஹ் ஹெஹ்' என்று சக்கரம் இளைக்கிறது! மாட்டிக்கொண்டாயா மகனே!

"இதுதான்! இதேதான்! ச்சீ, எடு அங்கிட்டு! கொமட்டுது! எம்புட்டு தேச்சுக் குளிச்சாலும் இந்த நாத்தம் போகாதுக்கா! இத வீட்டுக்குள்ள வச்சுக்கிட்டு மனுசன் எப்படிக் குடும்பம் நடத்துறது?"

சண்முகத்தாய் நாற்காலி அதிரச் சிரிக்கும் சத்தம் கேட்டது.

பெத்தணன் துண்டை இழுத்தான். எதிரே அவன் மூக்குக்கு நேராகக் குனிந்திருந்தது பாண்டிமீனாவின் தலை. எண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டுக் குளித்து, சாம்பிராணி பிடித்து, மல்லிகை வைத்த வெள்ளிக்கிழமைத் தலை. சக்கரம் பக்கத்தில் சோபாவில் காலை நீட்டிப் படுத்தபடி இளைத்துக்கொண்டிருந்தது. சண்முகத்தாய் கையில் ஒரு கிண்ணம் நெத்திலிக் கருவாடு.

"வெள்ளிக்கிளமையும் அதுவுமா என்னயக் கருவாட்டத் தொட வச்சிட்டீகளே தம்பி! அத மல்லிகைப்பூன்னு வேற சொல்லிட்டீகளே!"

பெத்தணன் மூக்கை உறிஞ்சினான். "சளி புடிச்சிருக்கு மீனா. மளை நேரம்ல..."

"ஏளு வருசமாவா சளி?"

மீனா தலைப்பூவைச் சரிசெய்தாள், கையெழுத்துப் போட்ட தாள்களை மடித்து இடுப்பில் செருகினாள், பாயை எடுத்து அவன் காலடியில் விரித்தாள். சோபா வழக்கு முடிந்துவிட்டது.

"ஒனக்கு... ஒனக்கு எப்படித் தெரியும்?" என்றான் பெத்தணன் ஈனசுரத்தில்.

"ஏளு வருசமாப் பளச வச்சாலும் 'என்னா வாசம்'னுதான சொல்லுதீக. மத்தியானம் ரெண்டாந்தடவ ஊத்தச் சொல்லிச் சாப்பிட்டீகளே பருப்புக் கொளம்பு, அது முந்தாநா வச்சது. காலையில சக்கரம் மோந்து பாத்துட்டு வேண்டாம்னு போயிருச்சு."