டயர் செய்த மறியல்

கச்சிராயபாளையம்,
27.9.87

எலவனாசூர்கோட்டையில் இருக்கும், எனக்குச் சம்மந்தியாகப் போகிற மரியாதைக்குரிய அரங்கநாதன் அவர்களுக்குப் பிச்சைமுத்து கும்பிட்டு எழுதுவது.

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். முதியோர் வகுப்பில் இந்த வருடம்தான் எழுதக் கற்றேன். கோட்டுக்கு மேலே ஏறுகிற எழுத்தும் கீழே சரிகிற எழுத்தும் எல்லாம் நானே எழுதியவை, இதற்கு ஆள் வைக்கவில்லை. இங்கே யாவரும் நலம். அங்கே நீங்களும் சம்மந்தியம்மாவும் மருமகள் அம்சவள்ளியும் நலமா? மருமகள் என்று எழுதவே பயமாக இருக்கிறது. மறியலில் பிடிபட்டவனுக்குப் பெண் இல்லை என்று நீங்கள் சொல்லியனுப்பிய சேதி வந்தது. ஐப்பசியில் தட்டு மாற்ற வேண்டியவர்கள் நாம். அதனால் நடந்ததை முழுதாக எழுதுகிறேன். என் மகன் தமிழ்வேந்தன் மறியல் செய்யவில்லை. டயர்தான் செய்தது.

மகன் ஓட்டுவது கள்ளக்குறிச்சி மஜீத் பாயின் பிக்கப் வண்டி. கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு இறக்குகிற வண்டி. எவ்வளவு எடை ஏற்றலாம் என்பதற்கு அதன் பக்கப் பலகையில் ஒரு டன் என்று எழுதியிருக்கும். நான் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் வண்டி அதுதான். போன மாதம் பாய் பெரிய வீலும் பெரிய டயரும் வாங்கி மாட்டிவிட்டு, ஒரு டன்னை அழித்து ஒன்றரை டன் என்று எழுதச் சொன்னார்.

"இன்னா பாய், செருப்பப் பெரிசா மாட்டிக்கினா மூட்ட ஜாஸ்தி தூக்க முடியுமா? முதுகு அதே முதுகுதானே?" என்று மகன் கேட்டான்.

"வண்டிக்கு ஏதுடா முதுகு?"

"ஸ்பிரிங்குதான் பாய் முதுகு. இந்த வீலு வேற பழசவிட கனம். அந்தக் கனத்துக்குக் கெழங்கக் கம்மி பண்ணித்தான் ஏத்தணும்."

"ரொம்பப் பேசாத. யானைக்குக் காலு பெரிசு. எவ்ளோ சொமக்குது பாத்தியா?"

யானையைச் சொன்ன பிறகு யார் என்ன பேசுவது? பக்கத்தில் நின்ற நானும் தலையாட்டினேன்.

மறியல் நடந்த அன்றைக்குக் காலி வண்டியே மலை ஏற மூச்சு வாங்கியதாம், பெரிய வீலைச் சுற்ற இன்ஜினுக்குத் தெம்பு போதவில்லை, வெள்ளிமலையில் ஒன்றரை டன் ஏற்றியதும் பாடி இறங்கிவிட்டது, வளைவுக்கு வளைவு டயர் மட்கார்டில் தேய்ந்து ரப்பர் தீய்கிற நாற்றம், அடிவாரம் வந்ததும் ஸ்பிரிங் பட்டை படீரென்று உடைந்து, பாடி டயர்மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்து, வீல் சுற்றாமல், வண்டி ரோட்டுக்குக் குறுக்கே நின்றது. அந்த நேரம் பார்த்து, இடஒதுக்கீடு கேட்டு மறியல் செய்ய, மரம் வெட்டிப் போடுவதற்குக் கோடாலியோடு ஒரு கூட்டம் வருகிறது.

"அட, நமக்கு முன்னாடியே ஒர்த்தன் ரோட்ட மடக்கிட்டாம்பா!"

"நான் மடக்கலங்க. ஸ்பிரிங் ஒடைஞ்சிபோச்சிங்க."

"பாரு, எவ்ளோ அடக்கமா பேசறான்!"

உடனே தோளில் தூக்கிக்கொண்டு கோஷம் போட்டார்கள். தோளில் இருந்ததால் போலீஸ் கண்ணுக்கு முதலில் பட்டவனும் அவன்தான். "இன்னாடா, கெழங்கு போட்டு மறியலா?" என்று கேட்டு ஏற்றிக்கொண்டு போனார்கள். பிறகு வழிவிட வேண்டுமென்று போலீசே கிழங்கை இறக்க வைத்தது. பாரம் இறங்கியதும் பாடி எழுந்தது, வீல் தானாகச் சுற்றியது. கொஞ்சம் தேய்ந்ததைத் தவிர டயருக்கு ஒன்றும் ஆகவில்லை. முறிந்தது முதுகு மட்டும். அதிகாரியே குனிந்து பார்த்துச் சிரித்துவிட்டு, சாயங்காலம் மகனை அனுப்பிவைத்தார்.

பழைய டயரையே மாட்டிவிடுவதாகப் பாய் வாக்குக் கொடுத்திருக்கிறார். என் மகன் எந்தக் கொடியும் பிடிக்காதவன். யானையைக் காட்டிச் சொன்ன பேச்சைக்கூட நம்பாத நிதானக்காரன். இவனை விட்டுவிடாதீர்கள். தட்டு மாற்ற நாள் குறியுங்கள். மருமகளுக்கு என் ஆசீர்வாதம். கை வலிக்கிறது, சந்தோஷமான வலி. அடுத்த வாரம் மீண்டும் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
பிச்சைமுத்து

பி.கு.: உறையில் போடும் நேரத்தில் அந்தக் கூட்டம் வீட்டுக்கே வந்துவிட்டது. மகனைத் தங்கள் சங்கத்தின் இந்த ஊர்க் கிளைக்குச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். இரண்டு முறை வேண்டாம் என்றவன், மூன்றாம் முறை மாலைக்குத் தலை குனிந்துவிட்டான். பாய் பழைய டயரை விற்றுவிட்டாராம். மகன் உடைந்த ஸ்பிரிங்கில் கட்டையைச் செருகி, அதே பெரிய டயரில் பாதி ஊரை ஏற்றிக்கொண்டு விழுப்புரம் கூட்டத்துக்குப் போயிருக்கிறான். பஸ் நிற்கும் இடத்துக்கு எதிர்ச்சுவரில் 'சாலையை மடக்கிய சிங்கம் தமிழ்வேந்தன்' என்று ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கிறார்கள். யார் உதவியும் இல்லாமல் நானே இரண்டு தரம் படித்தேன். நீங்கள் பஸ்ஸில் வந்தால் வலது பக்கம் உட்காருங்கள்.